கண்ணாடி மாதிரித் தண்ணீர்!

குழந்தையைக் குளிப்பாட்டும் முன் முழங்கையை நனைத்துச் சூடு பார்ப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அம்மாவும் பாட்டியும் சொல்லிக் கொடுத்த சோதனை அது. ஒரு வாளித் தண்ணீருக்கு அது போதும். ஆனால் பலர் மாறி மாறி இறங்குகிற, நாள் கணக்கில் தண்ணீர் மாற்றாத வெந்நீர்த் தொட்டிக்குப் போதாது. சூட்டைத்தான் கை சொல்லும், கிருமியைச் சொல்லாது.

மகள் பிரசவம், மருமகள் பிரசவம் என்று அமெரிக்கா போய் வருகிற அம்மாக்கள் இப்போது தெருவுக்கு நாலு பேராவது இருக்கிறோம். அங்கே 'ஹாட் டப்' என்று ஒன்று பார்த்திருப்பீர்கள். நாலைந்து பேர் உட்காரலாம். பக்கவாட்டுத் துவாரங்களிலிருந்து வெந்நீர் பீறிட்டு முதுகையும் இடுப்பையும் பிடித்துவிடும். சுகத்துக்குக் கேட்பானேன்!

வட கரோலினாவில், சார்லட் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்கு நாங்கள் போயிருந்தபோது, ஆஷ்வில் பக்கம் மலையில் இரண்டு நாள் தங்க ஒரு மர வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். பின்பக்கம் இந்தத் தொட்டி. என் கணவருக்கு வயது 68, மூட்டு வலி வேறு. பெட்டியைப் பிரிக்கும் முன்பே துண்டைத் தோளில் போட்டுக் கொண்டுவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்கப்பா" என்ற மகள், கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். உள்ளே மெல்லிய பட்டைகள். ஒன்றைத் தண்ணீரில் நனைத்தாள். சில விநாடி கழித்து, டப்பாவின் மேல் அச்சடித்திருந்த நிறங்களோடு வைத்துப் பார்த்தாள். ஊதாவாக மாறவேண்டிய க்ளோரின் கட்டம் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

"கண்ணாடி மாதிரி இருக்கு தண்ணி! இதுக்கு என்ன பரீட்சை?" என்று இவருக்குக் கோபம்.

மகள் நிதானமாகச் சொன்னாள். 2019 செப்டம்பரில், நாங்கள் தங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே, ஃப்ளெட்சர் என்ற ஊரில் 'மவுண்டன் ஸ்டேட் ஃபேர்' என்ற பெரிய சந்தை நடந்ததாம். அங்கே விற்பனைக்காக ஹாட் டப்புகளில் தண்ணீர் நிரப்பி ஓடவிட்டு வைத்திருந்தார்கள். சந்தைக்கு வந்தவர்களில் 130 பேருக்கு மேல் கடுமையான நிமோனியா கண்டது. நாலு பேர் இறந்தே போனார்கள். விசாரணையில் அந்தத் தொட்டிகள் மேல்தான் சந்தேகம் விழுந்தது. இத்தனைக்கும் யாரும் அதில் இறங்கிக் குளிக்கவில்லை! பக்கமாக நடந்து போனபோது, நீர்த்திவலையோடு கிருமியும் மூச்சில் போயிருக்கிறது.

அந்தக் கிருமிக்கு லெஜியோனெல்லா என்று பெயர். நமக்கு இதமான வெதுவெதுப்பு அதற்கும் இதம். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், புகை பிடிப்பவர்கள், முன்பு பிடித்தவர்கள், நுரையீரல் பலவீனமானவர்கள் இவர்களைத்தான் அது அதிகம் தாக்கும். முப்பது வருஷம் சிகரெட் பிடித்து, டாக்டர் மிரட்டியபின் விட்டவர் என் கணவர். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தால், "நேற்றுத்தான் மருந்து போட்டோம்" என்றார். அவர் சொன்னது நிஜமாகவே இருக்கலாம். ஆனால் சூட்டிலும், தண்ணீர் பீறிடும் வேகத்திலும் க்ளோரின் சீக்கிரம் கரைந்து போகும். குளிப்பவர்களின் வியர்வை, எண்ணெய், அழுக்கு எல்லாம் சேர்ந்து மீதியையும் தின்றுவிடும். நேற்றுப் போட்ட மருந்து இன்றைக்கு உதவாது.

சாயந்திரம் ஆள் வந்து சரி செய்தார். மறுநாள் பட்டை நல்ல நிறம் காட்ட, மாப்பிள்ளை இறங்கினார். நாலு வயதுப் பேரனை விடவில்லை. இவரையும், "டாக்டரைக் கேட்டுக் கொண்டு பார்க்கலாம்" என்று நிறுத்திவிட்டேன். இரண்டு நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டுதான் இருந்தார். இருக்கட்டுமே! துண்டை வெந்நீரில் பிழிந்து முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன்.

ஹாட் டப் இருக்கும் இடத்துக்குப் போகும் சகோதரிகள் இவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள்:

* பட்டையில் க்ளோரின் 3 பி.பி.எம்.முக்குக் குறையக் கூடாது. புரோமின் போடும் தொட்டியானால் 4 முதல் 8.

* பி.ஹெச். 7.0க்கும் 7.8க்கும் நடுவில் இருக்கவேண்டும். அதற்கு மேல் ஏறினால் க்ளோரின் இருந்தும் வீரியம் குறைந்துவிடும்.

* சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளை இறக்கவே வேண்டாம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

* உள்சுவரைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று பாசி மாதிரி இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மருந்து நெடி தூக்கலாக அடித்தால் சுத்தம் என்று நினைக்காதீர்கள். க்ளோரின் அழுக்கோடு சேர்ந்துவிட்டாலும் அந்த நெடி வரும்.

* இறங்கும் முன் ஒரு குளியல். ஏறியபின் சோப்புப் போட்டு ஒரு குளியல். ஈர நீச்சல் உடையோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். சூடோமோனாஸ் என்ற இன்னொரு கிருமியால் இரண்டொரு நாளில் அரிப்பும் சிவப்புக் கொப்புளமும் வருவதுண்டு. பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

* இரண்டு வாரத்துக்குள் ஜுரம், இருமல், மூச்சுத் திணறல் கண்டால், ஹாட் டப் பக்கம் போனதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்தப் பட்டைகள் அங்கே சாமான் கடைகளிலேயே கிடைக்கின்றன. விருந்தாளியாகப் போன இடத்தில் தண்ணீரைச் சோதிப்பதா என்று கூச்சப்படாதீர்கள். கோபித்துக் கொண்டவர் இரண்டு நாளில் சரியாகிவிடுவார். நிமோனியா அப்படியல்லவே!