போறதைக் காட்டுங்கோ

கரக்டர் அனிமேஷன் படிக்கிற ஆருக்கும் கடைசியில் கையில் இருக்க வேண்டியது ஒரு ஷோரீல். சான்றிதழ் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ரீல் இல்லாவிட்டால் எந்த ஸ்டூடியோவும் உங்களோடு கதைக்காது. ஒரு நிமிசம், கூடினால் ஒன்றரை நிமிசம் ஓடுகிற வீடியோதான். அதைத் திறக்கிறவர் ஒரு நாளில் எத்தனையோ ரீல் பார்க்கிற ஆள். முதல் சில செக்கனுக்குள்ளேயே தொடர்ந்து பார்ப்பதா மூடுவதா என்று முடிவெடுத்துவிடுவார். அந்தச் சில செக்கனுக்காக நாங்கள் மாதக்கணக்கில் வேலை செய்தோம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் மூன்று பேர். மல்லாவிப் பக்கம் வளர்ந்த இரண்டு பெடியள், ஒரு பெட்டை. எங்களிடம் இருந்தது ஒரு பழைய லப்டொப், ஒரு கொம்பியூட்டர், மூன்று போன். அனிமேஷன் என்றாலே கொழும்புக்குப் போகவேணும், இல்லாட்டி சென்னைக்குப் போகவேணும் என்று எல்லாரும் சொல்லுவினம். 2022இல் டொலர் ஏறி லப்டொப் விலை கைக்கெட்டாமல் போனதும், ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினதும் எங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த வருசத்தில் "அனிமேஷன் படிக்கப் போறம்" என்று வீட்டில் சொல்லிப் பார்த்திருந்தால் உங்களுக்கு விளங்கும்.

பிறகு எப்படித் தொடங்கினோம்? பிளெண்டர் இலவசம் என்றபடியால்தான். இது ஆரோ தானமாகத் தந்த சின்ன மென்பொருள் இல்லை. 2002இல் அதை உருவாக்கிய டொன் ரூசென்டால் இணையத்தில் ஏழு வாரத்துக்குள் ஒரு லட்சம் யூரோ சேர்த்து, முதலீட்டாளர்களிடம் இருந்த மூலநிரலை மீட்டு எல்லாருக்கும் திறந்துவிட்டார். 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் வென்ற 'ஃப்ளோ' முழுக்க பிளெண்டரில் செய்ததுதான். லற்வியா என்ற சின்ன நாட்டிலிருந்து வந்த படம். ஒரு வசனமும் இல்லை. ஒரு பூனை நடக்கும், பயப்படும், நீந்தும், நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம். அந்தப் படத்துக்குப் பிறகுதான் எங்கள் வீடுகளில் "உது படிச்சு என்ன செய்யிறது" என்ற கேள்வியின் சத்தம் கொஞ்சம் குறைந்தது.

பாத்திரத்தை நாங்களே செய்யத் தேவையில்லை. கரக்டர் அனிமேட்டரின் வேலை உருவத்தைச் செய்வது இல்லை, அதை நடிக்க வைப்பது. உருவத்துக்குள் எலும்பும் பிடிகளும் பூட்டி வைத்திருப்பதைத்தான் ரிக் என்கிறார்கள், பொம்மலாட்டக்காரரின் நூல் மாதிரி. பிளெண்டர் ஸ்டூடியோ 'ரெயின்', 'ஸ்னோ' என்ற பாத்திரங்களை ரிக்கோடு இலவசமாகத் தந்திருக்கிறது. ரிக் செய்தவரின் பெயரை ரீலில் போடவேணும், அவ்வளவுதான். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. உலகம் முழுக்க மாணவர்கள் இதே முகங்களைத்தான் பாவிக்கிறார்கள். ரீல் பார்க்கிறவருக்கு அந்த முகம் அலுத்துப் போயிருக்கும். அதனால் வித்தியாசம் நடிப்பில் இருந்துதான் வரவேணும்.

எல்லாரும் பந்தில்தான் தொடங்குவினம். பந்து விழும், நசுங்கும், எழும்பும். டிஸ்னியில் வேலை செய்த ஃபிராங்க் தோமஸும் ஒலி ஜோன்ஸ்டனும் 1981இல் எழுதிய புத்தகத்தில் அனிமேஷனின் 12 கோட்பாடுகளை வரிசைப்படுத்தினார்கள். நசுங்கலும் நீளலும் அதில் முதலாவது. பாய முன் பதுங்குவது இன்னொன்று. இதை எங்களுக்கு விளங்கப்படுத்தியது வொலிபோல்தான். பின்னேரம் மைதானத்துக்குப் போய் அடிக்கிற ஆளைப் பாருங்கோ. துள்ள முன் முழங்கால் மடியும், இரண்டு கையும் பின்னுக்குப் போகும். அந்தப் பதுங்கல் இல்லாமல் அடித்தால் உடம்புக்குப் பாரம் இருக்காது, கடதாசி பறக்கிற மாதிரி இருக்கும். போனில் எடுத்துப் பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்தோம். ஒரு விசயம் கவனியுங்கோ: போன் பொதுவாகச் செக்கனுக்கு 30 பிரேம் எடுக்கும், நாங்கள் அனிமேட் செய்வது 24 பிரேமில். மாற்றாமல் எண்ணினால் நேரக் கணக்கெல்லாம் பிழைக்கும்.

பந்து, பாரம் தூக்குதல் எல்லாம் முடிய வருவது நடை. ஒவ்வொரு ரீலிலும் ஒரு நடை இருக்கும். வழக்கமான பாடம் இதுதான்: ஓர் அடிக்கு 12 பிரேம், இரண்டடிக்கு 24. வலது பக்கம் செய்து முடித்தால், பிளெண்டரில் அந்த நிலையைப் பிரதி எடுத்து இடது பக்கத்துக்குப் புரட்டி ஒட்டலாம். பாதி வேலை மிச்சம். அதாவது, மனிசருக்கு இரண்டு காலும் ஒரே மாதிரி என்பதில்தான் இந்தப் பாடம் நிற்கிறது.

வன்னியில் இருக்கிற நாங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. எங்கள் ஒழுங்கையாலே ஒவ்வொரு நாளும் போகிற ஒரு மாமாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009இல் போனது. அவர் வயலுக்குப் போவார், கடைக்குப் போவார், சைக்கிளும் ஓடுவார். சின்ன வயதிலிருந்து எங்கள் கண்ணுக்குப் பழகின நடை அதுதான். எங்களில் ஒருத்தி சொன்னாள், "என்ரை ரீலில் இந்த நடைதான் இருக்கவேணும்."

அன்று தொடங்கின வாக்குவாதம் ஒரு கிழமை போனது. மற்றவனுக்கு அது பிடிக்கவில்லை. "வெளியிலை இருந்து வாறவை கமெராவோடை வந்து எங்கடை துக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போயினம். இப்ப நாங்களும் அதைக் காட்டி வேலை கேக்கிறதோ?" என்று கேட்டான். அதில் நியாயம் இருந்தது. அவளுடைய பதிலிலும் நியாயம் இருந்தது: "காட்டாமல் விட்டால் எங்கடை ஊரிலை அப்பிடி ஆக்களே இல்லை எண்டு ஆகுது. இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்கிறவைதான் கார்ட்டூனிலை வரலாமோ?" நாங்கள் மூன்று பேருக்குள் இதை முடிக்கேலாது என்று விளங்கியது. நடை அவருடையது. போய்க் கேட்டோம்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். முதலில் கேட்ட கேள்வி, "எனக்கு வயசு எத்தினை போடப் போறியள்?" பிறகு ஒரு நிபந்தனை சொன்னார். "நொண்டுறதைக் காட்டாதேங்கோ, போறதைக் காட்டுங்கோ. நான் சும்மா நடக்கிறேல்லை. எங்கையாவது போறன்."

நடிப்புப் பற்றி எந்த யூடியூப் பாடத்திலும் எங்களுக்கு இதைவிடத் தெளிவாக ஆரும் சொல்லவில்லை. பாத்திரம் எங்கே போகிறது, என்ன வேணும் என்று தெரியாமல் காலை மட்டும் அசைத்தால் அது வெறும் இயந்திரம். அதனால் ஷொட்டை மாற்றினோம். மாமா வயலுக்குள் பூந்த மாட்டைக் கலைக்கிறார். அவசரம், கோபம், கையில் ஒரு தடி. கால் அதற்குள் ஒரு விசயம் மட்டும்.

அவர் நடந்து காட்ட மூன்று பக்கத்திலிருந்தும் எடுத்தோம். எண்ணிப் பார்த்தால், நல்ல கால் மண்ணில் பட்டதிலிருந்து செயற்கைக் கால் படும்வரை 17 பிரேம். செயற்கைக் கால் பட்டதிலிருந்து நல்ல கால் படும்வரை 14. நல்ல காலில் உடம்பு கூட நேரம் நிற்கிறது, மற்றதில் இருந்து கெதியாக இறங்குகிறது. செயற்கைக் காலில் நிற்கிறபோது தோள் அந்தப் பக்கம் சாயும். இதெல்லாம் வீடியோவில் தெரியும். தெரியாததை அவர் சொன்னார்: புதிய இடமென்றால் கண் நிலத்தில் இருக்கும், பழகின பாதையென்றால் நிமிர்ந்தே நடப்பார். வயல் பழகின இடம். ஆகவே ஷொட்டில் அவர் ஒருக்காலும் கீழே பார்ப்பதில்லை.

அவர் போட்டிருப்பது ஜெய்ப்பூர் கால். 1968 அளவில் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியது. சப்பாத்து இல்லாமல் நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், குந்தியிருக்கலாம் என்பதற்காகவே செய்த கால். எங்கள் ஊர் வேலைக்குப் பொருந்துகிற கால். அதன் பாதம் ரப்பர் என்றபடியால் மண்ணில் படும்போது கொஞ்சம் வளையும். அந்த வளைவையும் ரிக்கில் கொண்டுவர இரண்டு நாள் போனது. புரட்டி ஒட்ட ஏலாத நடை என்பதால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத்தான் செய்யவேண்டியிருந்தது.

அடுத்தது வாயசைவு. இங்கேதான் தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு வழி குறைவு. உலகெங்கும் மாணவர்கள் பாவிக்கிற வாய் வரைபடங்கள் ஆங்கில ஒலிக்குச் செய்தவை. '11 செக்கன் கிளப்' என்ற பிரபலமான மாதப் போட்டியிலும் வந்தவை பெரும்பாலும் ஆங்கில வசனங்கள். நாங்கள் அம்மம்மாவின் குரலை எடுத்தோம். "வாங்கோ, சாப்பிட்டிட்டுப் போங்கோ." ஒரே வசனம்.

அதை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தபோது பல விசயம் விளங்கியது. 'ப்பி'யில் உதடு இறுக மூடி ஒரு பொழுது நிற்கிறது. ஒற்றுக்கு அந்த மூடலைக் கூட்டிப் பிடிக்காவிட்டால் 'சாபிட்டு' என்று பேசுகிற மாதிரித் தெரியும். 'ட்டிட்டு'வில் வெளியில் ஒன்றும் நடப்பதில்லை. எல்லாம் நாக்கின் வேலை, தாடை கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் வாயைத் திறந்து மூடினால் பல்லி பூச்சி பிடிக்கிற மாதிரி இருக்கும். ழ, ள, ண எல்லாம் இப்படித்தான், உள்ளே நடப்பவை. கடைசி 'கோ'வில் உதடு குவிந்து, அம்மம்மா இழுக்கிற அளவுக்கு நீளவேணும். குறில் நெடில் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த விசயம். மாத்திரையைக் கண் இமைக்கும் நேரத்தாலும் விரல் நொடிக்கும் நேரத்தாலும் தொல்காப்பியம் அளக்கிறது என்று படித்திருப்போம். டைம்லைனில் ஒலி அலையைப் பிரேம் பிரேமாகப் பார்க்கும்போது அது இலக்கணப் பாடமாகத் தெரியவில்லை, வேலைக்குறிப்பாகத் தெரிந்தது.

ரீலாகச் சேர்க்கிற நேரம் வந்தபோது ஒரு புதுப் பிரச்சினை. எல்லாம் 'நாங்கள்' செய்தது. ஸ்டூடியோ கேட்பது 'நீ என்ன செய்தாய்' என்று. ஒரே ஷொட்டை மூன்று பேரும் தங்கள் ரீலில் போட்டால் ஒருவரையும் நம்பமாட்டார்கள். ஆகவே ஒரு ஷொட் ஒருவருக்கு என்று பிரித்தோம். மற்ற இரண்டு பேருக்கும் குறை சொல்லலாம், கை வைக்கேலாது. ஒவ்வொரு ஷொட்டுக்கும் கீழே ஆர் அனிமேட் செய்தது, ரிக் ஆருடையது என்று எழுதினோம். திறமானதை முதலில் வைத்தோம். சுமாரானதை வெட்டினோம், ஏனென்றால் ரீலை மட்டுக்கட்டுவது அதில் உள்ள ஆகத் திறம் குறைந்த ஷொட்டை வைத்துத்தான். தொடக்கத்தில் சுழலுகிற பெயர்ப்பலகையும் பெரிய பாட்டும் வேண்டாம். பலர் சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் பார்ப்பார்கள். முழு ரெண்டரும் கட்டாயம் இல்லை, அசைவு நல்லதென்றால் வியூபோர்ட்டில் எடுத்த காட்சியே போதும். பழைய லப்டொப் வைத்திருக்கிற எங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இதெல்லாம் செய்து வேலை கிடைக்குமோ? தெரிந்தே சொல்கிறோம், உத்தரவாதம் இல்லை. 'லைஃப் ஒஃப் பை' படத்துக்கு விசுவல் எஃபெக்ட்ஸ் செய்த ரிதம் அன்ட் ஹியூஸ், 2013 பெப்ரவரியில் ஒஸ்கார் வாங்குவதற்குச் சில நாள் முன்னர்தான் வங்குரோத்து என்று அறிவித்தது. இப்போது ஏஐ வந்து, ஒரு வரி எழுதினால் வயோதிபர் ஒருவர் நடந்து போகிற வீடியோவைத் தருகிறது. ஆனால் அது தருவது ஆயிரம் நடைகளைக் கலந்த ஒரு நடை. அந்த 17க்கும் 14க்கும் இடையில் இருக்கிற வித்தியாசம் ஓர் ஆளிடம் போய்க் கேட்டு, பார்த்து, எண்ணி எடுத்தது. எங்களிடம் இருக்கிற முதல் அதுதான் என்று நினைக்கிறோம்.

நீங்களும் தொடங்கப் போறியள் என்றால், பந்தில் தொடங்குங்கோ. பிறகு உங்கள் ஊரில் ஒருவரின் நடையை எடுங்கோ. எடுக்க முன் அவரிடம் கேளுங்கோ, எங்கே போறியள் என்று.