முழு சிக்னல், வராத நெட்

காட்டுமன்னார்கோயிலில் ஒரு மொட்டை மாடியில் நின்று பார்த்தால் தென்கிழக்கே, ஏறத்தாழ 69 பாகை உயரத்தில், ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருக்கிறது. டிடி ஃப்ரீ டிஷ்ஷும் சன் டைரக்ட்டும் அங்கிருந்து இறங்குகின்றன. சுமார் 36,000 கிலோமீட்டர் கடந்து வரும் அந்தச் சன்னமான அலையைப் பிடித்துப் படமாக்கும் செட்டாப் பாக்ஸ், அதே வீட்டின் கூடத்தில் பத்தடி தள்ளி இருக்கும் ரவுட்டரோடு சேர மறுக்கிறது. டிஷ் வேலை செய்கிறவர்களிடம் இன்று வரும் புகார்களில் இந்த வகை கணிசம். பாக்ஸின் பின்புறம் வைஃபை பிடிக்கும் யுஎஸ்பி டாங்கிள் செருகி யூடியூப் பார்க்கும் மலிவு ரிசீவர்களும் உண்டு. ஏர்டெல் எக்ஸ்ட்ரீம், டாடா ஸ்கை பிஞ்ச் பிளஸ் என்று 2019, 2020-இலிருந்து வந்த, வைஃபை உள்ளேயே வைத்த பாக்ஸ்களும் உண்டு. இவற்றில் வைஃபை நின்றுபோனால் நம் தொழிலில் வழக்கமாக நடப்பது மூன்று: ரீசெட் போடுவது, டாங்கிளை மாற்றுவது, ரவுட்டர்காரரைக் குறை சொல்வது. மூன்றும் பெரும்பாலும் தவறான இடத்தில் கை வைப்பவை என்பது என் கருத்து. சரியான முறை டிஷ் வேலையிலேயே நம்மிடம் இருக்கிறது. மாடியிலிருந்து இறங்கி டிவி முன்னால் உட்கார்ந்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

டிஷ் திருப்பும்போது திரையில் இரண்டு கோடுகள் ஓடும். ஒன்று ஸ்ட்ரெந்த், மற்றது குவாலிட்டி. டிஷ்ஷின் முன்னால் இருக்கும் அலைவாங்கியான எல்என்பியைக் கழற்றிக் கையில் பிடித்தாலும் ஸ்ட்ரெந்த் பாதிக்கு மேல் காட்டும். அது எல்என்பிக்கு உயிர் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. வந்து சேரும் தகவல் பிழையில்லாமல் சேர்கிறதா என்பதைச் சொல்வது குவாலிட்டி. ஸ்ட்ரெந்த் 90 இருந்து குவாலிட்டி பூஜ்யமாக இருந்தால் எந்த மெக்கானிக்கும் வீட்டுக்காரரிடம் "சிக்னல் நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகமாட்டார். ஆனால் வைஃபை மெனுவில் நான்கு கோடும் நிறைந்திருந்தால் அதே மெக்கானிக் "வைஃபை ஃபுல்லா இருக்கு, நெட்டுலதான் பிராப்ளம்" என்று முடித்துவிடுகிறார். அந்த நான்கு கோடு வெறும் ஸ்ட்ரெந்த். குவாலிட்டிக்கு உரிய கோட்டை வைஃபை மெனுவில் யாரும் வைக்கவில்லை.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. செயற்கைக்கோள் பேசும், பாக்ஸ் கேட்கும். பாக்ஸ் திருப்பிப் பேச வேண்டியதே இல்லை. வைஃபை அப்படியல்ல. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் "வந்தது" என்று பாக்ஸ் பதில் சொன்னால்தான் அடுத்தது நகரும். வீரநாராயணப் பெருமாள் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி தெருக்கோடி வரை கேட்கும்; தெருக்கோடியில் நிற்பவர் கத்தினால் மைக் பிடித்திருப்பவருக்குக் கேட்காது. ரவுட்டருக்கு இரண்டு நீள ஆன்டெனா, டாங்கிளுக்கு நகத்தளவு ஆன்டெனா. பாக்ஸின் திரையில் தெரியும் கோடு ரவுட்டரின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகிறது. டாங்கிளின் பதில் ரவுட்டரை எட்டுகிறதா என்பதை அது காட்டுவதில்லை. அதிலும் அந்த டாங்கிள் இருக்கும் இடத்தைப் பாருங்கள்: பாக்ஸின் முதுகில், டிவியின் உலோகத் தகட்டுக்குப் பின்னால், பக்கத்தில் ஒரு இரும்பு பீரோ. முக்கால்வாசி வீடுகளில் அரை மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்றைப் போட்டு டாங்கிளை டிவியின் ஓரத்துக்கு வெளியே கொண்டுவந்தாலே போதும். "என் போன்ல இதே இடத்துல நல்லா வருதே" என்று வீட்டுக்காரர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் போனின் ஆன்டெனாவும் வைஃபை பகுதியும் மலிவு டாங்கிளைவிடப் பலமடங்கு தரமானவை. தவிர போன் டிவிக்கு முன்னால் இருக்கிறது, டாங்கிள் பின்னால் இருக்கிறது. போனில் வருகிறது என்பது ரவுட்டரும் அதற்கு அப்பாலுள்ள லைனும் சரியாக இருப்பதற்குச் சாட்சி. பாக்ஸைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

ரவுட்டரின் பெயரே பட்டியலில் வராமல் போவது வேறு வகை, அதை விரைவாகவே தீர்த்துவிடலாம். மலிவு டாங்கிள்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டரோ போன் ஹாட்ஸ்பாட்டோ 5 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் அவற்றுக்கு அது இல்லாத ஒன்று. ஃபைபர் லைன் போகாத வீராணம் ஏரிக்கரை ஊர்களில் போன் ஹாட்ஸ்பாட்தான் நெட் என்பதால் இது அடிக்கடி வரும். போனின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4-க்கு மாற்றினால் பெயர் தெரிந்துவிடும். 2.4-இல் இந்தியாவில் 13 வைஃபை சேனல்களுக்கு அனுமதி உண்டு, ஆனால் அமெரிக்க வழக்கப்படி 11 வரை மட்டும் தேடும் டாங்கிள்கள் உண்டு. லால்பேட்டைப் பக்கம் வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் ரவுட்டரையும் ரிசீவரையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள்; இரண்டும் வெவ்வேறு நாட்டு வழக்கத்தில் அமைக்கப்பட்டிருந்தால் ரவுட்டர் தானாக 12-க்கோ 13-க்கோ போன நாளில் பாக்ஸுக்குக் குருடு. சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாகக் கையால் அமைத்துவிடுவது நல்லது. பூட்டு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய பாக்ஸ் சேராது, டபிள்யூபிஏ2-க்கு இறக்க வேண்டும். இவ்வளவுதான்.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது கரண்டை. வைஃபை புகாரில் மல்டிமீட்டரை எடுப்பவர் குறைவு. டாங்கிளுக்கு வேண்டியது யுஎஸ்பி வழியாக வரும் 5 வோல்ட். வேலை செய்துகொண்டிருக்கும்போது அது 4.75-க்குக் கீழே இறங்கினால் டாங்கிள் தன்னைத் தானே அணைத்து எழுப்பிக்கொள்ளத் தொடங்கலாம். அதே பாக்ஸ் மாடியிலுள்ள எல்என்பிக்கும் தீனி போடுகிறது: செங்குத்து அலை சேனல்களுக்கு 13 வோல்ட், கிடைமட்ட அலை சேனல்களுக்கு 18 வோல்ட். இவை எல்லாம் 12 வோல்ட் அடாப்டர் ஒன்றிலிருந்து வருகின்றன. வெயிலிலும் டிவி ஸ்டாண்டின் புழுக்கத்திலும் இரண்டு மூன்று வருடம் கிடந்த அடாப்டரின் உள்ளே கெப்பாசிட்டர் உப்பிப் போயிருக்கும். சும்மா அளந்தால் 12 காட்டும், சுமை ஏறினால் சரியும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. வைஃபை ஓடும்போது 13 வோல்ட் சேனல் ஒன்றை வைத்துச் சிறிது நேரம் விடுங்கள், பிறகு 18 வோல்ட் சேனலுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் நெட் அறுந்தால் குற்றவாளி பெரும்பாலும் அடாப்டர். வைஃபை பழுதைக் கண்டுபிடிக்க டிஷ்ஷின் அறிவு உதவுகிறது என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையும் இதே வகையில் சாட்சி சொல்லும். மழை 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கும், அதனால் அடைமழையில் சேனல் போவது இயற்கை. வீட்டுக்குள் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மழையால் ஒன்றும் ஆகாது. எனவே மழையில் சேனலும் நெட்டும் ஒன்றாகப் போனால் கை வைக்க வேண்டியது முதலில் மின்சாரத்தில். கரண்ட் போய் வந்த பிறகு பாக்ஸ் அரை நிமிடத்தில் எழுந்துவிடும், ஃபைபர் மோடம் லைனைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பல பாக்ஸ்கள் எழுந்ததும் சில முறை தேடிவிட்டுச் சும்மா இருந்துவிடும். மோடம் விளக்குகள் எல்லாம் நிலைத்த பிறகு பாக்ஸை மட்டும் அணைத்துப் போட்டால் சரியாகும் புகார் இது. இதற்கு டாங்கிள் விற்கப்படுவதுதான் வருத்தம்.

மூன்றாவது ஒரு இடம் இருக்கிறது, அதை யாரும் சந்தேகிப்பதில்லை: கடிகாரம். பல பாக்ஸ்களுக்கு நேரம் செயற்கைக்கோள் அலையோடுதான் வருகிறது. டிஷ் சிக்னல் இல்லாதபோது பாக்ஸை அணைத்துப் போட்டால் அதன் நாள்காட்டி 1970-க்கோ 2000-க்கோ போய்விடும். இணையத்தில் எதிர்முனையின் சான்றிதழைச் சரிபார்க்கும் செயலி, அந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று முடிவு செய்து கதவைச் சாத்தும். வைஃபை சேர்ந்திருக்கும், ஐபி எண் வந்திருக்கும், யூடியூப் மட்டும் திறக்காது. நேரத்தைக் கையால் சரிசெய்தால் திறந்துவிடும். இதன் மறுபக்கமும் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இணையதளங்களுக்குத் தரும் சான்றிதழ்களுக்கு ஆதாரமாக இருந்த பழைய வேர்ச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. சாஃப்ட்வேர் புதுப்பிக்காத பழைய கருவிகள் பல அன்றே சில தளங்களுக்குப் போக முடியாமல் நின்றன. 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை மூடியபோது பழைய டிவிகளிலும் பாக்ஸ்களிலும் அந்தச் செயலி செத்தது. அந்த நாட்களில் வைஃபையை ஆராய்ந்தவர்கள் வீணாக ஆராய்ந்தார்கள். கட்டணச் சேனலைத் திருட்டு சர்வர் வழியாகப் பார்க்க வைஃபை போட்டவர்கள் "நெட் வரலை" என்று கூப்பிடுவதும் உண்டு. சர்வர் மூடிப்போனதற்கு வைஃபையில் மருந்து இல்லை. அது பழுதும் அல்ல.

இவ்வளவு பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது, சில நூறு ரூபாய் டாங்கிளை மாற்றிவிட்டுப் போவதுதானே மலிவு என்று தொழிலில் உள்ளவர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அன்றைய கூலி கட்டுப்படியாகாது. ஆனால் டாங்கிள் மாற்றுவது சோதனையாகக்கூட உதவுவதில்லை. இந்த ரிசீவர்களின் சாஃப்ட்வேர் ஆர்டி5370, எம்டி7601 போன்ற சில சிப்களை மட்டுமே அறியும். ஒரே மாதிரி உறைக்குள் வேறு சிப் வைத்த டாங்கிள்கள் கடையில் தாராளம். புது டாங்கிள் வேலை செய்யவில்லை என்றால் பழையது நன்றாக இருந்ததா, புதியது பொருந்தவில்லையா, அடாப்டர் பலவீனமா என்று மூன்று ஐயங்கள் எழும். ஒன்றாக இருந்த கேள்வி மூன்றாகிறது. ஃபேக்டரி ரீசெட் அதைவிட மோசம். சில சமயம் அது பலன் தருவது உண்மை, தவறாகப் பதிந்த பாஸ்வேர்டும் கையால் போட்ட ஐபி எண்ணும் அதில் அழியும். ஆனால் ஐபி 169.254 என்று தொடங்கியதா (ரவுட்டரிடமிருந்து எண் வரவில்லை என்பதன் அடையாளம் அது), நேரம் தப்பாக இருந்ததா, எந்தச் சேனலில் அறுந்தது என்ற தடயங்களும் கூடவே அழிகின்றன. வீட்டுக்காரர் வரிசைப்படுத்தி வைத்திருந்த சேனல் பட்டியலும் போய்விடும். நான் சொன்ன சோதனைகள் எல்லாம் சேர்ந்து கால் மணிக்குள் அடங்கும். டாங்கிள் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்வரும் நேரம் அதைவிட அதிகம்.

இன்னொரு மறுப்பு வலுவானது: செருகினால் ஓடும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை டிவியில் மாட்டிவிட்டால் பாக்ஸின் வைஃபையோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? வசதி உள்ளவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். லேன் துளை உள்ள பாக்ஸ் என்றால் வயர் இழுப்பது அதைவிட நல்லது. ஆனால் ஃப்ரீ டிஷ் பாக்ஸில் மாதக் கட்டணம் இல்லாமல் டிவி பார்க்கும் வீட்டில் ஸ்டிக்கின் விலை பாக்ஸின் விலையைத் தாண்டும். அந்த வீட்டுக்கு இருக்கிற பாக்ஸை ஓட வைப்பதுதான் நம் வேலை. அதோடு ஸ்டிக்கும் டிவியின் முதுகில்தான் செருகப்படுகிறது. அடாப்டருக்குப் பதில் டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து கரண்ட் எடுத்தால் அதே நோய் அங்கும் வரும்.

ஆகவே வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது இது: வீட்டில் நெட் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ரீசெட் போடாதீர்கள். எப்போது நின்றது, கரண்ட் போய் வந்ததா, எந்தச் சேனல் ஓடிக்கொண்டிருந்தது, பாக்ஸ் காட்டும் தேதி என்ன, நெட்வொர்க் பக்கத்தில் ஐபி எண் எப்படித் தொடங்குகிறது, இவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். வருகிறவர் அதைப் படிக்காமல் நேராக டாங்கிளைக் கழற்றினால், அடாப்டரை ஒருமுறை அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.