பேஸ்மென்ட் வாடகையும் ஆறு டோனட்டும்

கனடாவுக்குக் குடிபோகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்த நாளிலிருந்து எங்களுக்குக் கணக்குச் சொல்லாத ஆள் இல்லை. "மாசம் மூவாயிரம் டாலர் இருந்தா ராஜா மாதிரி இருக்கலாம்" என்றார் கணவரின் சித்தப்பா. தன் பிள்ளை அங்கே ஒரு தேங்காய்க்கு நூற்றைம்பது ரூபாய் கொடுக்கிறான் என்று எதிர்வீட்டு மாமி வருத்தப்பட்டார். என் கணவர் இருவர் பேச்சையும் ஒதுக்கிவிட்டு, ஊருக்கு ஊர் விலை ஒப்பிடும் இணையதளங்களைப் பார்த்து எக்செல்லில் பட்டியல் போட்டார். இடப்பக்கம் திருச்சி, வலப்பக்கம் டொராண்டோ. பால், முட்டை, தக்காளி, பெட்ரோல், சினிமா டிக்கெட் என்று நீளமாகப் போனது. வலப்பக்கத்தையெல்லாம் அறுபத்திரண்டால் பெருக்கி ரூபாயாக்கியிருந்தார். அதைப் பார்த்தால் யாரும் விமானம் ஏற மாட்டார்கள்.

பட்டியலில் தப்பில்லை. ஆனால் குடித்தனம் பண்ணுகிறவள் கேட்கிற கேள்வி எதற்கும் அதில் பதில் இல்லை. அதனால் நிரந்தர வசிப்புரிமைக்கான பி.ஆர். விண்ணப்பம் ஓடிக்கொண்டிருந்தபோதே விசிட்டர் விசாவில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து நவம்பரில் கிளம்பினோம். ஜூலையில் போய்ப் பார்த்தால் எந்த ஊரும் பிடித்துவிடும்.

தங்கியது ஸ்கார்பரோவில், ஒரு வீட்டு பேஸ்மென்ட்டில். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் வந்து குடியேறியிருக்கிறார்கள். மார்க்கம் ரோட்டில் பஸ்ஸில் போனால் நகைக்கடை, வக்கீல் ஆபீஸ், பல் டாக்டர், இறைச்சிக்கடை என்று தமிழ்ப் பலகைகள் ஜன்னலோரம் ஓடுகின்றன. எங்கள் வீட்டுக்கார அக்கா பருத்தித்துறைக்காரர். மேல் மாடியில் அவர் குடும்பம், தரைக்குக் கீழே தனி வாசலோடு இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, தலைக்கு மேலே ஜன்னல். புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்களில் பலர் இப்படி ஒரு பேஸ்மென்ட்டில்தான் குடித்தனம் தொடங்குகிறார்கள்.

முதல் முறை கடைக்குப் போய் நான் ஒவ்வொரு விலைச்சீட்டின் முன்னாலும் நின்று மனக்கணக்குப் போடுவதைப் பார்த்து அக்கா சிரித்துவிட்டார். "பிள்ளை, எல்லாத்தையும் அறுவதால பெருக்கிக் கொண்டு நிண்டா இஞ்ச ஒண்டும் வாங்கேலாது. என்ன விலை எண்டு பாக்காதேங்கோ, எப்ப விலை எண்டு பாருங்கோ" என்றார். அவர் வீட்டுச் சமையலறை மேஜையில் வியாழக்கிழமைதோறும் ஃப்ளையர்கள் விரியும். டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் மளிகைக் கடைகளின் வாரத் தள்ளுபடி வியாழன் தொடங்கி அடுத்த புதன் வரை. இந்த வாரம் கோழித் தொடை எந்தக் கடையில், பத்து பவுண்டு வெங்காய மூட்டை எந்தக் கடையில் என்று பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டு வைப்பார். ஒரு கடையின் ஃப்ளையரைக் காட்டினால் இன்னொரு கடை அதே விலைக்குக் கொடுக்கும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. ஒரே சாமான் ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் பாதிக்குப் பாதி மாறுகிற ஊரில், கணவரின் பட்டியலில் இருந்த "சராசரி விலை" யாருக்கும் உபயோகமில்லை.

விலைச்சீட்டு படிப்பதே தனிப் பாடம். காய்கறிக்குப் பவுண்டு விலையைப் பெரிதாகப் போட்டு, கிலோ விலையைக் கீழே பொடி எழுத்தில் போடுகிறார்கள். பவுண்டு என்றால் 454 கிராம்தான். பால் நாலு லிட்டர் பையாக வருகிறது. பெரிய பைக்குள் மூன்று சின்னப் பைகள்; ஒன்றை எடுத்து அதற்கென்றே இருக்கும் ஜாடிக்குள் நிறுத்தி, மூலையைக் கத்தரித்து ஊற்ற வேண்டும். ஆவின் பாக்கெட்டுக்குப் பழகிய கைக்கு இதில் சிரமமில்லை. விலை ஆறு டாலர் சொச்சம். தனி லிட்டராக வாங்கினால் கட்டுப்படியாகாது. குடும்பஸ்தர்கள் அப்படி வாங்குவதும் இல்லை.

அடுத்தது வரி. நம் ஊரில் எம்.ஆர்.பி. என்றால் அதற்குள் எல்லாம் அடக்கம். அங்கே அலமாரியில் 9.99 என்று இருக்கும் பாத்திரம் தேய்க்கும் சாமான் கல்லாவில் 11.29 ஆகிவிடும். ஒண்டாரியோவில் 13 சதவீத வரியைப் பில் போடும்போதுதான் சேர்க்கிறார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் அது 11.30. ஒரு சென்ட் நாணயம் 2013ல் புழக்கத்துக்கு விடுவது நின்றுபோனதால் ஐந்து சென்ட்டுக்கு முழுமையாக்குகிறார்கள். அரிசி, பருப்பு, பால், காய்கறி போன்ற அடிப்படை உணவுக்கு வரி இல்லை. எது அடிப்படை என்பதில்தான் வேடிக்கை. காப்பிக்கடையில் ஒரு டோனட் வாங்கினால் அது தின்பண்டம், வரி உண்டு. ஆறாக வாங்கினால் மளிகை, வரி கிடையாது. இதைச் சொன்னதும் என் பெரியவன் ஆறு வாங்கச் சொல்லி அடம்பிடித்தான். அரசாங்கமே அவன் பக்கம் இருந்ததால் மறுக்க முடியவில்லை.

பருப்பு அலமாரியில் எனக்கு இன்னொரு ஆச்சரியம். மைசூர் பருப்பு கொள்ளை மலிவு. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம்தான் உலகச் சந்தைக்கு அதை மூட்டை மூட்டையாக அனுப்புகிறது. இந்தியா பெரிய வாடிக்கை. திருச்சி காந்தி மார்க்கெட்டில் நான் வாங்குகிற பருப்பில் பாதி அங்கே விளைந்ததாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. துவரம்பருப்பு அப்படியில்லை, விலையைப் பார்த்தால் சாம்பாரைக் குறைக்கத் தோன்றும். கறிவேப்பிலையை இணுக்குக் கணக்கில் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு ஒன்றரை டாலருக்கு விற்கிறார்கள். காய் வாங்கினால் ஒரு கொத்து சும்மா போடு என்று கேட்கிற உரிமைக்கு எக்செல்லில் எந்த வரியில் விலை போடுவது?

கணவர் முடிவெட்டிக்கொள்ளப் போனார். இருபது டாலர், வரி 2.60, கார்டு மெஷின் தானாகவே டிப்ஸ் எத்தனை சதவீதம் என்று கேட்டதில் ஒரு மூன்று டாலர். ஆயிரத்தறுநூறு ரூபாய்க்கு முடிவெட்டிய மனுஷனாகத் திரும்பி வந்து கண்ணாடி முன்னால் நின்றார். அன்றைக்கு ராத்திரி பெருக்கலை விட்டுவிட்டு வேறு கணக்குப் போட்டோம். ஒண்டாரியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர் முதல் மணிக்கு 17.60 டாலர். அந்தக் கூலி வாங்குகிற ஆளுக்கு நாலு லிட்டர் பால் இருபது நிமிஷ வேலை. முடிவெட்டு ஒன்றரை மணி நேரம். திருச்சியில் எங்கள் தெரு ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு நாள் சம்பளம் நானூற்றைம்பது ரூபாய். நாலு லிட்டர் பால் அவளுக்குக் கிட்டத்தட்ட அரைநாள் கூலி.

ஆக, திருச்சி மலிவு என்று நாங்கள் சொல்வது எங்களுக்கு மலிவு. பாத்திரம் தேய்க்க, துணி இஸ்திரி போட, குழாய் ரிப்பேருக்கு, வாசலில் வந்து கீரை கொடுக்க என்று யார் யாரோ குறைந்த கூலிக்கு உழைப்பதால் எங்கள் பட்ஜெட் நிற்கிறது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு மாதம் மூவாயிரம். ஸ்கார்பரோவில் வீடு சுத்தம் செய்ய ஆள் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்கு முப்பது டாலருக்குக் குறைந்து வரமாட்டார்கள். அங்கே போனால் அந்த வேலையெல்லாம் என் கைக்கு வரும். இதைக் கணவர் பட்டியலில் "வீட்டு வேலை: 0 டாலர்" என்று போட்டிருந்தார். அந்த வரியை நான் அடித்துவிட்டு, அவர் பெயரையும் என் பெயரையும் எழுதிக் கிழமை பிரித்தேன்.

வாடகைக்கு வருகிறேன். இரண்டு அறை பேஸ்மென்ட்டுக்கு நாங்கள் விசாரித்த இடங்களில் 1,700லிருந்து 2,000 டாலர் வரை சொன்னார்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு ஒண்டாரியோ சட்டம் இனிக்கும்: முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும்தான் முன்பணம், கடைசி மாதப் பணத்துக்கு வருஷா வருஷம் வட்டியும் தர வேண்டும். ஆனால் ஒரு வீட்டுக்காரர் எங்களிடம் ஆறு மாத வாடகை முன்கூட்டியே கேட்டார். கனடாவில் கடன் வரலாறு இல்லாத புதுக் குடும்பத்திடம் இப்படிக் கேட்பது வழக்கமாகிவிட்டது, சட்டப்படி நிர்பந்திக்க முடியாது. இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். வாடகையை வருஷத்துக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று மாகாண அரசு உச்சவரம்பு வைக்கிறது, 2025க்கு 2.5 சதவீதம், 2026க்கு 2.1. ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடிவந்த வீடுகளுக்கு அந்த வரம்பு கிடையாது. பளபளப்பான புதுக் காண்டோவைப் பார்த்து மயங்குகிறவர்கள் இந்தத் தேதியைக் கேட்டுவிட்டு மயங்கலாம்.

மின்சாரக் கட்டணத்தை அங்கே எல்லோரும் ஹைட்ரோ பில் என்கிறார்கள். வழக்கமான திட்டத்தில் வார நாட்களில் இரவு ஏழு முதல் காலை ஏழு வரையும் சனி ஞாயிறு முழுக்கவும் மலிவு. ஏழு அடித்ததும் மேலே அக்கா வாஷிங் மெஷினைப் போடுகிற சத்தம் எங்கள் கூரையில் கேட்கும்.

பஸ்ஸும் சப்வேயும் எனக்குப் பிடித்துப்போயின. கார்டைத் தட்டினால் 3.30 டாலர், இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் அதே காசு, பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். குறை என்னவென்றால் ஸ்கார்பரோவின் ரயில் 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்ட பிறகு நிரந்தரமாக மூடப்பட்டு, கென்னடி சப்வே நிலையம் வரை பஸ்ஸை நம்ப வேண்டியிருக்கிறது. பனியில் நின்றுபார்த்த கணவர் கார் பேச்சை எடுத்தார். பழைய கார் விலை பயமுறுத்தவில்லை, இன்ஷூரன்ஸ் பயமுறுத்தியது. மாதம் 340 டாலர் என்றார்கள். அங்கே குடியிருக்கும் தபால் குறியீட்டைப் பொறுத்துப் பிரீமியம் மாறுகிறது. திருச்சியில் பதினைந்து வருஷம் ஓட்டிய அனுபவத்தைப் பல கம்பெனிகள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தில்லைநகர் டிராஃபிக்கில் ஓட்டியவனைப் புது டிரைவர் என்கிறார்களே என்று அவருக்கு மனத்தாங்கல். முதல் வருஷம் கார் இல்லை என்று அங்கேயே தீர்மானித்தோம்.

பிள்ளைகள் கணக்கு வேறு மாதிரி. பெரியவனின் பள்ளிக் கட்டணம், வேன், டியூஷன் என்று திருச்சியில் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போகிறது. அங்கே பொதுப் பள்ளிக்குக் கட்டணமில்லை. சின்னவளுக்கு டே கேர் வேண்டும். அரசுத் திட்டத்தில் சேர்ந்த மையங்களில் 2025 ஜனவரி முதல் நாளுக்கு 22 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. நாங்கள் ஏறி இறங்கிய மையங்களில் எல்லாம் காத்திருப்போர் பட்டியலில் பெயரை எழுதிக்கொண்டு அனுப்பினார்கள். இடம் கிடைக்கும்வரை வீட்டில் ஒருவர் சம்பாதிக்க முடியாது. எங்கள் செலவுக் கணக்கில் மிகப் பெரிய தொகை இதுதான், இது எந்த விலைப் பட்டியலிலும் இல்லை.

மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு இருப்பதால் டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பையும் 2020ல் எடுத்துவிட்டார்கள். பல்லும் கண்ணாடியும் அதில் சேராது. வேலையில் இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால் மருந்துக்கும் பெரியவர்கள் கைக்காசுதான். வேர் சிகிச்சைக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கேட்டதால் பருத்தித்துறைக்குப் போகும்வரை இடப்பக்கமே மென்றதாக அக்கா சொன்னார்.

எல்லாம் கூட்டிப் பார்த்தால், கார் இல்லாமல், டே கேர் நீங்கலாக, நாலு பேருக்கு மாதம் நாலாயிரம் டாலர் வருகிறது. எண்பதாயிரம் டாலர் சம்பளம் என்றால் பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் ஐயாயிரம் சொச்சம். ஓட்டலாம், ஊருக்குப் பெரிதாக அனுப்ப முடியாது. பி.ஆருக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் நாலு பேர் குடும்பம் கையில் காட்ட வேண்டிய தொகை 2025ல் 28,362 டாலர். வேலை கிடைக்காவிட்டால் அது ஏழு மாதம் வரும். அதைக் காட்டுவதற்கான பணம் என்று கைமாற்றாக வாங்கி நிரப்புகிறார்கள் பலர். அப்படிச் செய்யாதீர்கள், அது உங்கள் சொந்தப் பணமாக இருக்க வேண்டும் என்பது விதி, செலவழியப்போகிற பணமும் அதுதான்.

நாங்கள் போகிறோம். பி.ஆர். கிடைத்ததும் அவர் முதலில், சின்னவளுக்கு டே கேர் இடம் உறுதியானதும் மற்றவர்கள். உங்களில் யாராவது கிளம்புவதாக இருந்தால், டிக்கெட் போடுமுன் குடும்பத்தோடு பல் டாக்டரிடம் போய்விட்டு வாருங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டு ஜோடி செய்துகொள்ளுங்கள். கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் நோ க்ளெய்ம் கடிதம் கேட்டு வாங்குங்கள். எல்லோரும் ஏற்கமாட்டார்கள், ஏற்கிற ஒருவர் கிடைத்தால் லாபம். வீட்டு கிரைண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட். அதற்கான 110 வோல்ட் மாடல் கோயம்புத்தூரிலேயே செய்கிறார்கள்.