கண்ணாடியும் காற்றும்

பழந்தமிழில் யன்னலுக்குக் 'காலதர்' என்றொரு பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. வகுப்பிலே இச்சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்லிப் பல்லாண்டு பழகிய நாம், 2019ஆம் ஆண்டு காரைதீவில் வீடு கட்டியபோது அந்தப் பாடத்தை அடியோடு மறந்தோம். கூடத்தின் மேற்குச் சுவரில் அகன்றதொரு கண்ணாடி யன்னல், அலுமினியச் சட்டம், திறப்பதற்கு ஓரத்தில் ஒரு சிறு பகுதி மட்டுமே. தெருவிற் போவோர் நின்று பார்த்தனர். அதிலே எமக்குப் பெருமைதான்.

2022ஆம் ஆண்டு பங்குனி முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. மின்விசிறி ஓய்ந்ததும் வீட்டின் உண்மை வெளிப்பட்டது. எண்பது வயதைக் கடந்த எமது அன்னையார் இரவெல்லாம் ஓலை விசிறியும் கையுமாக விறாந்தையிலே அமர்ந்திருப்பார். "உள்ளே படுங்கோ அம்மா" என்றால், "உள்ளே அடுப்பு எரியுதடா" என்பார்.

அது நோன்புக் காலம். ஒலுவில் துறைமுகத்துக்குப் போகும் வழியிலே குடியிருக்கும் நண்பர் ஒருவர் நோன்பு துறக்க அழைத்திருந்தார். பெற்றோல் கிடையாத நாட்களாதலின் சைக்கிளிலே போனோம். (2013இல் திறந்த அத்துறைமுகத்துக்கு வடக்கே கடல் கரையை அரித்துத் தின்னும் கதை வேறு, அதை இங்கே தொடங்கினால் முடியாது.) அங்கும் மின்சாரம் இல்லை. ஆனால், கஞ்சிக் கோப்பையுடன் அமர்ந்த எமக்கு வியர்க்கவில்லை.

"என்ன மாயம் காக்கா?" என்றோம்.

"மாயமொண்டுமில்ல சேர். காத்து வர ஒரு வாசல், போக ஒரு வாசல். வாப்பா வெச்ச யன்னல்" என்றார்.

கிழக்கே கடலை நோக்கி இரண்டு யன்னல்கள், முழுவதும் திறப்பவை. எதிரே மேற்கில், சாய்வாகப் பலகைகள் அடுக்கிய மரக் கதவுகள். பகலிலே கடற்காற்று கிழக்கால் நுழைந்து மேற்கால் வெளியேறும். மாலை வெயிலோ பலகையில் பட்டு வெளியிலேயே நின்றுவிடும். ஆடியிலே கச்சான் அனலாய் வீசும்போது அவற்றைச் சாத்திவிடலாம்.

வீடு திரும்பிய பின்னரே நூல்களைப் புரட்டினோம். தெளிந்த ஒற்றைக் கண்ணாடி, தன்மேல் விழும் சூரிய வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உள்ளே விடும். அவ்வெப்பத்தை உண்ட தரையும் சுவரும் திருப்பி வீசும் வெப்பக் கதிரை அதே கண்ணாடி வெளியே விடாது. திரைச்சீலை போட்டும் பயனில்லாத காரணம் அப்போது விளங்கிற்று. வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. மறைப்பு வெளியே இருத்தல் வேண்டும். வடக்கு, தெற்கு யன்னல்களுக்கு உயர நின்ற சூரியனைத் தடுக்கச் சிறு இறவாரமே போதும். கிழக்கு, மேற்கு வெயில் தாழ்ந்து வருவது. அதை இறவாரம் தடுக்காது. குளிர் நாட்டார் போற்றும் இரட்டைக் கண்ணாடியோ, அறையைப் பூட்டிக் குளிரூட்டி வைப்போர்க்கு உதவும். திறந்த யன்னலுக்கு அதனால் ஆவதென்ன?

ஒரு வேடிக்கை. ஒலுவில் துறைமுகத்துக்குக் கடனுதவிய டென்மார்க்கு நாட்டவர் மொழியில் யன்னலுக்கு வழங்கும் சொல்லும் 'காற்றுக்கண்' என்னும் பழஞ்சொல்லின் திரிபேயாம். பனியிலே வாழ்வோர் கூடக் காற்றை மறக்கவில்லை!

அவ்வாண்டு ஆவணியில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதம் ஏறியது. கடன்பட்டு வைத்த கண்ணாடியைக் கழற்ற மறுபடியும் கடன்பட்டோம். நண்பர் அனுப்பிய ஓடாவியார் முதிரைப் பலகையில் சாய்பலகைக் கதவுகள் செய்தார். உப்புக் காற்றுக்கு இரும்புப் பிணைச்சல் ஆகாதென்று பித்தளையே வேண்டுமென அடம்பிடித்தார். அந்தச் செலவு எம்மைச் சற்றுக் கலங்கச் செய்தது. படுக்கையறை யன்னலுக்குப் பணம் எஞ்சவில்லை. அதற்கு வெளியே இன்றும் கிடுகுதான் தொங்குகின்றது. தெருவிற் போவோர் இப்போது அதையும் நின்று பார்க்கின்றனர்.

கூடத்து வேலை முடிந்த அன்று மாலை, அன்னையார் ஒன்றும் பேசாமல் விறாந்தையிலிருந்த தமது பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.