கிளினிக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்க ஆள் தேடுறீங்களா? ஒரு நீளமான இழை

1.
திண்டிவனத்துல சின்னதா ஒரு கிளினிக் வச்சிருக்கேன், வீடு விழுப்புரம். வழக்கமா சுகர், பிரஷர்னு எழுதுவேன். இன்னைக்கு கம்ப்யூட்டர் பத்தி. கிளினிக், மெடிக்கல் ஷாப், லேப், ஆடிட்டர் ஆபீஸ், அரிசி மண்டி, எதுவா இருந்தாலும் சரி, கம்ப்யூட்டர்ல கணக்கு வச்சிருந்தா இது உங்களுக்கும்தான். டீயை கையில எடுத்துக்கிட்டு படிங்க, கொஞ்சம் நீளம்.

2.
2024 நவம்பர் 30 ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, நகராம அங்கேயே நின்னுச்சு. மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. மழை. எங்க மாவட்டத்துக்காரங்க யாரும் அந்த ராத்திரியை மறக்க மாட்டாங்க. காலையில கிளினிக்கைத் திறந்தா முழங்கால் அளவு தண்ணி. ரிசப்ஷன் டேபிளுக்குக் கீழதான் சர்வர் கம்ப்யூட்டர். பக்கத்துலயே, அதே தரையில, பேக்கப் ஹார்ட்டிஸ்க்.

3.
பேக்கப்பை யாராவது சர்வர் பக்கத்துலயே வைப்பாங்களான்னு சிரிக்காதீங்க. உங்க ஆபீஸ்ல எங்க இருக்குன்னு இப்போ எழுந்து போய்ப் பாருங்க. நான் அஞ்சு வருஷம் அதைத் தினமும் தாண்டித்தான் உள்ள போயிருக்கேன். ஒரு நாளும் கண்ணுல படல.

4.
அடுத்த தப்பு நாங்களே செஞ்சது. தண்ணி வடிஞ்சதும் ஸ்டாஃப் பதறிப்போய் துணியால துடைச்சு, ஃபேன் காத்துல காயவச்சு, மறுநாளே பிளக் போட்டுட்டாங்க. ஒரு புகை, அவ்வளவுதான். நனைஞ்ச டிஸ்க்குக்கு கரண்ட் கொடுக்கவே கூடாது, அப்படியே எடுத்து டேட்டா மீட்கத் தெரிஞ்சவங்ககிட்ட கொடுக்கணும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லி வைக்கல. நாங்களும் கேட்டு வைக்கல.

5.
வருஷ ஒப்பந்தம் போட்டிருந்த சர்வீஸ்காரருக்கு போன் போட்டேன். சென்னைக்காரர், நல்ல மனுஷன்தான். "ரயில் எல்லாம் நிக்குது டாக்டர், எப்படி வர்றது?"ன்னார். உண்மைதான். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல ரயில் பாலத்தைத் தண்ணி தொட்டு ரயிலை நிறுத்தி வச்சிருந்தாங்க. அரசூர் பக்கம் நெடுஞ்சாலையே வெள்ளத்துல. அவரைக் குறை சொல்ல முடியல. அவசரத்துக்கு இங்க பக்கத்துல யார் வருவாங்கன்னு ஒப்பந்தம் போட்ட அன்னைக்கே கேட்காதது என் குறை.

6.
நாலாம் நாள் ஒரு பெரியவர் வந்தார், மயிலம் பக்கத்து கிராமம். இதயத்துல செயற்கை வால்வு வச்சவர். ரத்தம் உறையாம இருக்க தினமும் அசிட்ரோம் மாத்திரை போடணும். ஒரு நாள் ஒரு அளவு, மறுநாள் வேற அளவுன்னு, ஐஎன்ஆர் டெஸ்ட்டைப் பார்த்துப் பார்த்து மாத்திக்கிட்டே வந்திருந்தோம். அவர் வீட்டுக்குள்ளயும் தண்ணி. மாத்திரை, சீட்டு, டெஸ்ட் எழுதுற நோட்டு எல்லாம் இருந்த மஞ்சப்பை போயிடுச்சு. நாலு நாளா மாத்திரை போடல.

7.
"சார், எந்த நாளு எவ்ளோன்னு ஞாபகம் இல்ல. உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமே, பாத்து சொல்லுங்க"ன்னார். எவ்வளவு நம்பிக்கையா கேட்டார் தெரியுமா? "இல்லைங்க, அதுவும் போயிடுச்சு"ன்னு சொன்னேன். இத்தனை வருஷப் பிராக்டீஸ்ல வெட்கப்பட்டு நான் சொன்ன வாக்கியம் அது.

8.
ரத்தம் எடுத்தோம், ஐஎன்ஆர் 1.3. அவர் வால்வுக்கு 2.5க்கு மேல இருக்கணும். குறைஞ்சா வால்வுல ரத்தக்கட்டி வரலாம், அது மூளைக்குப் போனா பக்கவாதம். ஹெப்பரின் ஊசியை ஆரம்பிச்சு, ஆபரேஷன் செஞ்ச ஆஸ்பத்திரிக்கே அனுப்பி வச்சேன். நல்லபடியா திரும்பி வந்தார். ஆனா மூணு வருஷமா நாங்க பார்த்துப் பார்த்துப் பிடிச்ச டோஸை முதல்ல இருந்து பிடிக்க வேண்டியதாச்சு.

9.
கம்ப்யூட்டர் ரிப்பேர்னா பில் போட முடியாது, அவ்வளவுதானேன்னு அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். ரெக்கார்டு போனா நோயாளிக்கு ஆபத்துன்னு அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்தப்பதான் உறைச்சது. உங்க தொழில்ல அது வரவு செலவா இருக்கும், ஜிஎஸ்டி கணக்கா இருக்கும், யாரோ கொடுத்து வச்ச பத்திரமா இருக்கும்.

10.
அப்புறம் ஹார்ட்டிஸ்க்கை சென்னைக்கு அனுப்பினோம். சர்வர் டிஸ்க்ல எதுவும் தேறல. பேக்கப் டிஸ்க்ல கொஞ்சம் வந்துச்சு. அதுல ஒரு அதிர்ச்சி: கடைசி பேக்கப் ஏழு மாசத்துக்கு முந்தையது! டிஸ்க் நிறைஞ்சு போய் நின்னிருக்கு. "தினமும் தானா எடுக்கும் டாக்டர்"னு சொன்னாங்க, நானும் நம்பினேன். அவங்களும் திறந்து பார்க்கல, நானும் பார்க்கல. வெள்ளம் வரலைன்னாலும் ஏழு மாசம் போயிருக்கும்.

11.
பெரிய இடங்களுக்கும் இது நடந்திருக்கு. 2017 மே மாசம் வான்னாக்ரைங்கிற வைரஸ் இங்கிலாந்து அரசு மருத்துவத் துறையை முடக்குச்சு. பெரிய ஆஸ்பத்திரிகள் மட்டும் இல்ல, 595 பொது மருத்துவர் கிளினிக்குகளும் அதுல மாட்டுச்சு. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாசம் முன்னாடியே, மார்ச்லயே கொடுத்திருந்தது. போடாதவங்க மாட்டினாங்க. 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ் சர்வர்களைப் பூட்டிட்டாங்க. ஓபி சீட்டு முதற்கொண்டு நாள்கணக்கா கையால எழுதினாங்க.

12.
எய்ம்ஸுக்கே அந்தக் கதின்னா நாம எம்மாத்திரம்னு கைவிடச் சொல்லல. நமக்கு இருக்கிறது ஒரு சர்வர், நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். சரியான ஆள் கிடைச்சா பாதுகாக்கிறது நமக்குத்தான் சுலபம். அந்த ஆளை எப்படிப் பிடிக்கிறது? நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட கேள்விகள் இதோ.

13.
முதல் கேள்வி: "பேக்கப்பில் இருந்து ஒரு ஃபைலை எடுத்து இப்பவே எனக்குக் காட்ட முடியுமா?" பேக்கப் ஓடுதுன்னு சொன்னா போதாது, திரும்பி வரணும். அதுக்கு ஒரு எளிய விதி உண்டு, 3-2-1ன்னு சொல்வாங்க. மூணு பிரதி, ரெண்டு வகை சாதனத்துல, ஒண்ணு வேற ஊர்ல அல்லது கிளவுட்ல. என்கிட்ட மூணாவது இருந்திருந்தா பெரியவருக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

14.
ரெண்டாவது: "பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கும்?" சர்வர், ரவுட்டர், மெயில், வெப்சைட் பேரு எல்லாத்தோட அட்மின் பாஸ்வேர்டும் உங்க பீரோவுல ஒட்டின கவர்ல இருக்கணும். எனக்கு ரவுட்டர் பாஸ்வேர்டுகூடத் தெரியாது. வீட்டைக் கட்டிட்டு சாவியை மேஸ்திரிகிட்டயே விட்ட மாதிரி.

15.
மூணாவது: "நீங்க இல்லாத அன்னைக்கு யார் வருவாங்க?" தனி ஆளா வேலை செய்யறவங்களை ஒதுக்க வேண்டாம், நம்ம ஊர்ல பல நல்ல வேலைக்காரங்க தனி ஆளுங்கதான். ஆனா அவருக்கும் காய்ச்சல் வரும், தங்கச்சி கல்யாணம் வரும். அன்னைக்கு எடுத்துச் செய்ய இன்னொருத்தர் பேரும் போன் நம்பரும் வேணும். எங்க எந்தெந்த கம்ப்யூட்டர் இருக்கு, எப்படி இணைச்சிருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதியும் வைக்கணும். நாங்க டிஸ்சார்ஜ் சம்மரி எழுதறது அடுத்த டாக்டருக்காகத்தானே?

16.
நாலாவது: "எவ்வளவு நேரத்துல வருவீங்க?" "உடனே வந்துடுவேன்"னு சொல்றது கணக்குல வராது. சர்வர் நின்னா இத்தனை மணி நேரம், பிரிண்டர் மக்கர் பண்ணா மறுநாள்னு எழுத்துல வேணும். போன் வழியா சரி பண்ணக்கூடியது எது, நேர்ல வர வேண்டியது எது, அதுக்கு தனிக் காசா? இதையும் எழுதிக்குங்க.

17.
அஞ்சாவது: "பிரியும்போது என் டேட்டாவை எந்த வடிவத்துல தருவீங்க?" கல்யாணம் பேசும்போதே விவாகரத்து பேசற மாதிரி இருக்கும். கேட்டுடுங்க. எக்செல்ல திறக்கிற மாதிரி தரணும். இல்லாட்டி அடுத்த வருஷம் கட்டணத்தை ரெண்டு மடங்கு ஏத்தினாலும் வாயை மூடிக்கிட்டு கட்டணும்.

18.
ஆறாவது: "எங்க கம்ப்யூட்டருக்குள்ள தூரத்துல இருந்து எப்போ நுழைவீங்க?" கேட்டு, நாம அனுமதி கொடுத்த பிறகுதான் நுழையணும். உள்ள இருக்கிறது நோயாளியோட அந்தரங்கம். 2023ல தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்து, 2025 நவம்பர்ல விதிகளும் வந்தாச்சு. முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம் கொடுத்திருக்காங்க. வேலையை யார்கிட்ட ஒப்படைச்சாலும் பொறுப்பு நம்மகிட்டதான் நிக்கும். போதிய பாதுகாப்பு இல்லாம விட்டா அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அது பெரிய கம்பெனிகளை மனசுல வச்ச தொகையா இருக்கலாம். ஆனா சட்டம் நமக்கும் சேர்த்துதான்.

19.
இதையெல்லாம் எழுதி வச்சுக்கிட்டு மூணு பேர்கிட்ட பேசினேன். ஒருத்தர் விலையை மட்டும் சொன்னார். இன்னொருத்தர் புது சர்வர் வாங்கச் சொன்னார், காரணம் சொல்லல. மூணாவது விழுப்புரத்துல ரெண்டு பேரா கடை நடத்துற தம்பிங்க. வந்ததும் "சார், ஒரு நாள் கம்ப்யூட்டர் இல்லாட்டி உங்களுக்கு எந்த வேலை நிக்கும்?"னு கேட்டாங்க. விலையே பேசல, நோட்டை எடுத்துக் குறிப்பு எழுதினாங்க. நாங்க நோயாளிகிட்ட செய்யறதும் அதானே? அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

20.
அவங்க எனக்கு ஒரு திட்டும் விட்டாங்க. மரியாதையாத்தான். "சார், நாலுல மூணு திருட்டு விண்டோஸ். அதை வச்சுக்கிட்டு நாங்க பொறுப்பு ஏத்துக்க முடியாது." மிச்சம் பிடிச்சேன்னு நான் பெருமைப்பட்ட விஷயம் அது. ரிசப்ஷன்ல எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் மானிட்டர்லயே ஒட்டியிருந்தது. பாட்டு கேட்க பென்டிரைவ் வேற. போலி மருந்து விற்கிற கடையைப் பார்த்தா கொதிக்கிற நான்தான் இதைச் செஞ்சிருந்தேன். சர்வீஸ்காரரை மட்டும் குறை சொல்லிட்டு நகர முடியாதுன்னு அன்னைக்குப் புரிஞ்சது.

21.
ஆளைப் பிடிச்சா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. அவங்களோட வேலை செய்யவும் தெரியணும். "கம்ப்யூட்டர் ஓடல"ன்னு போன் போடாதீங்க. எத்தனை மணிக்கு, எதை அழுத்தினப்போ, திரையில என்ன எழுத்து வந்துச்சு? போட்டோ எடுத்து அனுப்புங்க. "உடம்பு சரியில்ல டாக்டர்"னு மட்டும் சொன்னா நாங்க என்ன செய்வோம்? ரிசப்ஷன்ல ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கோம். தேதி, பிரச்சனை, யார் சரி பண்ணாங்க. ஆறு மாசத்துல அந்த நோட்டே சொல்லிடுச்சு, பாதி தொந்தரவுக்குக் காரணம் ஒரு பழைய யுபிஎஸ்னு.

22.
காசை நேரத்துக்குக் கொடுங்க. ராத்திரி பதினோரு மணிக்கு பிரிண்டருக்காக எழுப்பாதீங்க. பீஸ் கொடுக்காம போன்லயே மருந்து கேட்கிறவங்க மேல நமக்கு வர்ற அதே கோவம் அவங்களுக்கும் வரும்.

23.
இப்போ எங்க ஏற்பாடு: சர்வர் மாடியில. ஒரு பிரதி அங்கேயே, ஒரு டிஸ்க் வாரம் ஒரு தடவை என்னோட விழுப்புரம் வீட்டுக்கு வரும், ஒண்ணு கிளவுட்ல. மாசத்தோட முதல் திங்கள்கிழமை ஏதாவது ஒரு நோயாளியோட ரெக்கார்டை பேக்கப்ல இருந்து எடுத்து, நான் கண்ணால பார்த்து கையெழுத்துப் போடுவேன். பத்து நிமிஷ வேலை. ரெண்டு தடவை வரல. ரெண்டு தடவையும் அன்னைக்கே சரி பண்ணியாச்சு.

24.
பெரியவர் மாசா மாசம் வர்றார். இப்போ அவர் டோஸ் மூணு இடத்துல இருக்கு: எங்க கம்ப்யூட்டர்ல, மருமகள் போன்ல போட்டோவா, புது மஞ்சப்பைக்குள்ள பிளாஸ்டிக் கவர் போட்ட நோட்டுல. போன தடவை மாத்திரை எழுதி முடிச்சதும் "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீங்களா சார்?"னு கேட்டார். திரையைத் திருப்பிக் காட்டினேன். பார்த்துட்டுத்தான் எழுந்தார்.

25.
நீங்களும் உங்க சர்வீஸ்காரரை இந்த வாரம் கூப்பிட்டு முதல் கேள்வியை மட்டுமாவது கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு கீழ சொல்லுங்க. கிளினிக், கடை வச்சிருக்கிற நண்பர்களுக்கு அனுப்புங்க. அடுத்த மழைக்காலம் வர்றதுக்குள்ள அவங்க படிச்சிடணும்.