கன்ட்ரோல் எழுதித் தரும் எச்.டி.எம்.எல்.

ஒரு மாணவர் கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காகக் கொற்கையைப் பற்றி ஓர் இணையதளம் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்துக்குப் பேர்போன பழைய பாண்டியர் துறைமுகம். இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் ஊர். 1968-69ல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. கரிமக் கணிப்பில் கி.மு. 785 என்ற காலம் கிடைத்தது. 2021ல் மறுபடியும் தோண்டினார்கள். இதையெல்லாம் ஓர் அட்டவணையில் போட்டால் அழகாக இருக்கும். ஏ.எஸ்.பி. டாட் நெட் வெப் ஃபார்ம்ஸில் அதற்கு ஒரு கன்ட்ரோலை இழுத்துப் போட்டால் போதும், எச்.டி.எம்.எல். தானாக வந்துவிடும். சிக்கலே அந்தத் 'தானாக'வில்தான்!

பக்கத்தைக் கண்ணால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. காதால் கேட்பவருக்குத்தான் தெரியும். பக்கத்திலுள்ள பாளையங்கோட்டையில் 1890லேயே பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கப்பட்டது. அப்படி ஒரு பள்ளியில் படித்தவர் இன்று என்.வி.டி.ஏ. போன்ற இலவசத் திரைவாசிப்பான் வைத்து இந்தப் பக்கத்தைத் திறக்கலாம். பழைய டேட்டாகிரிட் கன்ட்ரோல், தலைப்பு வரிசையையும் சாதாரண டி.டி. கட்டமாகவே எழுதும். "785" என்று காதில் விழும். அது எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று வாசிப்பான் சொல்லாது.

2005ல் வந்த 2.0 பதிப்பின் கிரிட்வியூ, தலைப்புகளை டி.ஹெச். ஆக எழுதுகிறது. 'ரோ ஹெடர் காலம்' என்ற பண்பில் ஒரு பத்தியின் பெயரைக் கொடுத்தால் ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்பு கிடைக்கும். டி-ஹெட் பகுதி மட்டும் தானாக வராது; தலைப்பு வரிசையின் 'டேபிள் செக்‌ஷன்' பண்பை மாற்ற ஒரு வரி கோட் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

மெனுவின் கதை வேறு. அட்டவணை என்பது தகவலுக்கு. மெனு என்பது பட்டியல். ஆனால் 2.0 பதிப்பின் மெனு கன்ட்ரோல் டேபிளுக்குள் டேபிளாக அடுக்கித் தள்ளியது. இதற்கு 2006ல் மைக்ரோசாஃப்ட்டே சி.எஸ்.எஸ். ஃப்ரெண்ட்லி அடாப்டர்களை வெளியிட்டது. கன்ட்ரோலைத் தொடாமல், அது எழுதும் எச்.டி.எம்.எல்.லை மட்டும் அடாப்டர் மாற்றிவிடும்: டேபிளுக்குப் பதில் யு.எல்., எல்.ஐ. 2010ல் வந்த 4.0 பதிப்பில் மெனுவே பட்டியலாக எழுதக் கற்றுக்கொண்டது.

இன்னொரு வேடிக்கை. டபிள்யூ3சி வேலிடேட்டர் யார் என்று 2.0 பதிப்புக்குத் தெரியாது. ஏதோ பழைய பிரவுசர் என்று நினைத்து அதற்கு மட்டும் பழைய பாணி மார்க்கப்பை அனுப்பும். பிழைகள் குவியும். ஆப்_பிரவுசர்ஸ் ஃபோல்டரில் வேலிடேட்டரை அறிமுகப்படுத்தும் ஒரு சின்ன ஃபைலை வைத்தால் சரியாகிவிடும்.

ஆனால் வேலிடேட்டர் பச்சை காட்டினால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. தலைப்பே இல்லாத அட்டவணையும் அதில் பாஸாகிவிடும். இலக்கணம் சரியா என்றுதான் அது பார்க்கும், பொருள் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காது. இந்திய அரசுத் தளங்களுக்கு 2009ல் வந்த வழிகாட்டு நெறிகளும் சரியான மார்க்கப்போடு நிறுத்தாமல், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டன.

வெப் ஃபார்ம்ஸ் டாட் நெட் கோரில் இடம்பெறவில்லை. ஆனால் இன்றைய ஃப்ரேம்வொர்க்குகளிலும் ரெடிமேட் காம்போனென்ட்டுகள்தான், இப்போது டேபிளுக்குப் பதில் டிவ் மேல் டிவ். எதில் செய்தாலும் ஒரு தடவை வியூ சோர்ஸைத் திறந்து பார்ப்பதும், திரையை அணைத்துவிட்டு ஒரு தடவை காதால் கேட்பதும் நல்லது.