அரிசி மணியளவு மருந்து

கண் கெட்ட பின்பு சூரிய நமஸ்காரம் என்னும் பழமொழியைச் சிறுவயதில் எத்தனையோ முறை எழுதிப் பழகியிருக்கிறேன். அதன் பொருள் என் வீட்டுக்குள்ளேயே வந்து நின்ற பிறகுதான் விளங்கிற்று.

களுபோவிலையில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் அமர்ந்து, சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவது என் அன்னையாரின் நித்திய கருமம். ஒருநாள் சோற்றிலே கல் கடித்தது. மறுநாளும் கடித்தது. "தம்பி, வாசல் நிலை ஏன் வளைஞ்சு கிடக்குது?" என்று அவர் கேட்டபோது திடுக்கிட்டேன். நிலை நேராகவே நின்றது.

நெடுங்காலச் சலரோகத்தால் விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கசிந்து வீங்கியிருப்பதாகக் கண் வைத்திய நிபுணர் கூறினார். மாதந்தோறும் கண்ணுக்குள் ஊசி போடவேண்டுமாம்.

"எங்கட நாட்டிலை கண்தானம் நடக்குதே, அதிலை ஒண்டு எனக்கு வைக்கேலாதோ?" என்று அன்னையார் கேட்டார். 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்தின் வாயிலாகப் பிறநாடுகளுக்கும் கண் வழங்கிய நாடல்லவா நமது! ஆனால் அவ்வாறு மாற்றக்கூடியது கண்ணின் முன்புறத்துப் படலம் மட்டுமே. பின்புறத்து விழித்திரைக்கு மாற்றில்லை. உள்ளதைக் காப்பதே வழி.

சொட்டு மருந்து போதாதா என்றேன் நான். அதிற் பெரும்பகுதியைக் கண்ணீரே கழுவிவிடும். எஞ்சியது பின்புறம் சேர்வது அரிது. விழுங்கும் மருந்தையோ இரத்தத்துக்கும் விழித்திரைக்கும் இடையிலுள்ள தடுப்பு மறித்துவிடும். ஆகவே 0.05 மில்லிலீற்றர் மருந்தை நேரே கண்ணின் உட்கூழில் செலுத்துகிறார்கள். அங்கும் அது நிலைப்பதில்லை. ஒரு வாரம், பத்து நாளில் பாதி அகன்றுவிடும். அதனால்தான் மாதவூசி.

முதல் நான்கு மாதம் ஒழுங்காகச் சென்றோம். என் அலுவலகம் கொட்டாஞ்சேனையில். ஒவ்வொரு தடவையும் ஒருநாள் லீவு. ஒரு மாலை அன்னையார், "எனக்கு இப்ப நல்லாத் தெரியுது. ஏன் உன்ரை வேலையைக் கெடுப்பான்?" என்றார். நம்புவது எனக்கு வசதியாயிருந்தது, நம்பினேன். மூன்று மாதம் கழிந்தது. மீண்டும் சென்றபோது, இழந்த பார்வையில் ஒரு பகுதி திரும்பவேயில்லை. அவர் ஊசிக்கு அஞ்சியவரல்லர்; என் லீவுக்கே அஞ்சினார்.

மருந்தைக் கண்ணுக்குள் நெடுநாள் தங்கவைக்கும் முயற்சிகளைப் பற்றி அதன் பின்னரே தேடிப் படித்தேன். டெக்சாமெதசோன் அடங்கிய 6 மில்லிமீற்றர் நீளக் குச்சியொன்று, சில மாதம் மருந்தைக் கசியவிட்டுத் தானே கரைந்து போகிறது. புளுவோசினோலோன் அடங்கிய நுண்குழாய் மூன்றாண்டு வரை வேலை செய்யும். இவை ஸ்டீரொயிட் வகையாதலால் கண்ணழுத்தத்தைக் கூட்டக்கூடும். அன்னையாருக்கு அவ்வழுத்தம் ஏற்கெனவே உண்டு, நிபுணர் வேண்டாமென்றார்.

ரானிபிசுமாப் என்னும் ஊசி மருந்தையே நிரப்பி, அரிசி மணியிலும் சற்று நீண்ட சிமிழொன்றைக் கண்ணிற் பொருத்தும் முறைக்கு அமெரிக்கா 2021இல் அனுமதி அளித்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். 2022இல் அதன் அடைப்பில் குறை காணப்பட்டு மீளப்பெறப்பட்டது. திருத்தப்பட்டு 2024இல் மீண்டும் வந்தது. சலரோகக் கண்வீக்கத்துக்கு 2025இல் அனுமதி கிடைத்தது. எனினும் கண்ணுக்குள் கிருமி தொற்றும் அபாயம் மாதவூசியிலும் மும்மடங்கு என்ற எச்சரிக்கை அதற்கு உண்டு.

அச்சிமிழ் எங்கள் கைக்கு எட்டும்வரை அன்னையாருக்கு மாதவூசிதான். சமையலறைக் கலண்டரில் அந்நாளைச் சிவப்பு மையால் நானே வட்டமிடுகிறேன். சுளகும் இப்போது என் கையில். நான் பொறுக்கி முடித்த அரிசியை அன்னையார் விரலால் அளைந்து பார்த்து, "இன்னும் கல்லுக் கிடக்குது" என்கிறார்.

வாசகர்களே, உங்கள் வீட்டு முதியவர் "இப்ப நல்லாத் தெரியுது" என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அவர் பார்வையை வைத்தியர் சோதிக்கட்டும். ஊசித் திகதியை நீங்கள் நினைவில் வையுங்கள்.